காப்புருதி

இரண்டு பக்கக் கடிதம்.
எனக்கும் லலந்தவுக்கும் ஒரே நாள், ஒரே முத்திரை.
ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்தில்
பதினாலு வருடம் போர்க்லிப்ட் ஓட்டிய என்னையும்
பன்னிரண்டு வருடம் ஓட்டிய அவனையும்
காசாளர் வாசலில் நிற்கவைத்து
இங்கே கையொப்பம் என்றார்கள்.
இட்டோம்.
வெளியே வந்து ஒரு பிளேன்டியை
இரண்டு கோப்பையில் ஊற்றிக் குடித்தோம்.

என் சிங்களம் வாயில் இருக்கிறது.
விலை குறைப்பேன், சண்டை பிடிப்பேன்,
கிரிக்கெட்டில் தோற்றால் கெட்ட வார்த்தையும் தட்டாமல் வரும்.
காலிக்காரன் என்று என்னை நினைத்த
லொறிச் சாரதிகள் இருக்கிறார்கள்.
கண்ணில்தான் அது இல்லை.
பொகவந்தலாவைப் பள்ளிக்கூடத்தில்
சிங்கள வாத்தியார் வருவார் என்று
ஐந்து வருடம்
நேரசூசியில் ஒரு கட்டம் வெறுமையாய்க் கிடந்தது.
அந்த வட்ட எழுத்துகள் எனக்கு
ஈரத் தரையில் டயர் போட்ட சுழிகள்.

முதல் பக்கம் விளங்கியது.
தொகை, திகதி. இலக்கம் எல்லாருக்கும் இலக்கம்தானே.
இரண்டாம் பக்கத்தை மடித்து
எக்ஸ்ரே உறைக்குள் வைத்தேன்.

நெஞ்சுக்குள் வயர் விட்டுப் பார்க்க
நாரஹேன்பிட்டியில் நாள் குறித்திருந்தது.
கடிதம் வந்து நாற்பத்தொராம் நாள் அது.
நீல அட்டையை வாங்கித் தட்டிப் பார்த்த பிள்ளை
திரையை என் பக்கம் திருப்பியது.
"அனே அங்கிள், இது முடிஞ்சிருக்கே."

அன்றிரவு யதுஷா
(எட்டாம் வகுப்பு, இரண்டாம் மொழிக்கு எழுபத்தொரு மார்க்)
தாளை விளக்கடியில் பிடித்து எழுத்துக் கூட்டினாள்.
தி... ன... தி... ஹக்...
"முப்பது நாளைக்குள்ளே, அப்பா.
போய்ச் சொன்னா சொந்தக் காசு கட்டித் தொடரலாமாம்.
என்ன வருத்தம் இருக்குதெண்டு கேக்கமாட்டாங்களாம்."
பிழை தன்னுடையதுபோல்
தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

லலந்த மூன்றாம் நாளே
பஸ்ஸில் வாசித்து, கொம்பனித்தெருவில் இறங்கி,
கட்டிவிட்டு வீட்டுக்குப் போனவன்.
"நீயும் போயிருப்பாய் என்று நினைத்தேன் மச்சான்.
உனக்குத்தானே நெஞ்சு."
இன்னும் ஒரு தரமும் அதை அவன் பாவிக்கவில்லை.
அவனில் கோபமில்லை.
இருந்திருந்தால் நல்லது,
பிடித்து உலுப்ப ஒரு கொலர் கிடைத்திருக்கும்.

கம்பனி வாசலில் மும்மொழிப் பலகை.
நடுவரியில் நாங்கள்: காப்புருதி.
இடம் தந்திருக்கிறார்கள்,
ஒரு எழுத்தில்தான் பிழை.
உள்ளே முகாமையாளர் தண்ணீர் தந்தார்.
தமிழ்ப் படிவம் இருக்கிறது, கேட்டால் தருவோம்,
யாரும் கேட்பதில்லை என்றார்.
கேட்பதற்கு
அது இருப்பது தெரிந்திருக்க வேண்டுமே மாத்தயா என்று
சிங்களத்தில் சொன்னேன், ஒரு தடுமாற்றம் இல்லாமல்.
அவர் என் உச்சரிப்பைப் பாராட்டினார்.

பெரியாஸ்பத்திரியில் காசில்லை.
திகதி பெப்ரவரியில்.
துண்டை வாங்கும்போது மழைக்காலம்கூடத் தொடங்கவில்லை.

நான் ஓட்டிய வண்டியில் ஒரு தகடு இருந்தது,
இரண்டரை டன், அதற்கு மேல் தூக்காதே என்று.
அதை வாசிக்க எனக்கு யாரும் தேவைப்படவில்லை.

மட்டக்குளி பிளாட்டில் எங்கள் வீடு நாலாம் மாடி.
இப்போது மூன்றில் நிற்கிறேன்.
ஆட்கள் இறங்கி வந்தால்
போன் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வேன்.
இன்று உண்மையாகவே ஒரு செய்தி வந்திருக்கிறது,
கம்பனியின் பெயரில்,
வட்டம் வட்டமாய் நாலு வரி.
விளம்பரமாக இருக்கலாம்.
அழிக்கவில்லை.
யதுஷாவின் பள்ளிக்கூட வான்
இரண்டே காலுக்கு வரும்.